கோட்டைவாசலில் ஒரு கோடிச் சேலை

சாரல் பிடித்திருந்த ஒரு காலை. கேரளத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. தலையில் போட்டிருந்த முந்தானை நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. வாயையும் மூக்கையும் மூடி ஒரு துண்டு. கையில் துணிக்கடைப் பை ஒன்று. அதை மட்டும் நனையவிடாமல் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. எங்கள் பக்கத்து ரோடு வளைந்து இறங்கும் இடத்தையே பார்த்தபடி நின்றார்.

"விடிஞ்சதுல இருந்து நிக்காவம்மா," என்றார் ஏட்டு சுடலைமுத்து. "அந்தப் பக்கத்துப் போலீஸ் போகச் சொல்லிப் பாத்துட்டாவ. போகமாட்டேங்காவ. செங்கோட்டையில அவுக அக்கா ராத்திரி இறந்துட்டாவளாம். முகம் பாக்கணுங்காவ."

"பாஸ் இருக்கா?"

"போட்டிருக்காவளாம். வரலியாம்."

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் களவு, அடிதடி, காணாமல் போனவர்கள் என்றே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரக் கதையில் குற்றவாளி கிடையாது. எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் பதியவில்லை. ஆனாலும், காக்கி போட்ட காலத்தில் நீ வாயடைத்து நின்றது எப்போது என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தச் சாரல் காலைதான் நினைவுக்கு வரும்.

நாலு இரும்புத் தடுப்பு

செங்கோட்டை தாண்டிப் புளியறை. அங்கே சோதனைச் சாவடி. அதற்கு மேல் ரோடு எஸ் வளைவாக மலையேறும். ஏறி முடிக்கிற இடம் கோட்டைவாசல். அங்கேதான் நம் மாநிலம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. அதற்கு முன்னாலும் நூறு தடவையாவது அந்த இடத்தைத் தாண்டியிருப்பேன். இரண்டு போர்டுகள் உண்டு, ஒன்று தமிழில், ஒன்று மலையாளத்தில். அவ்வளவுதான். சபரிமலைக்குப் போகிறவர்கள் அங்குள்ள கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எல்லையைக் கும்பிட்டவர்கள் யாரும் இல்லை.

ஊரடங்கு வந்தது. சென்னையிலிருந்து ஒரு உத்தரவு, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு உத்தரவு. நாங்கள் எங்கள் பக்கம் இரண்டு இரும்புத் தடுப்புகளை வைத்தோம். அவர்கள் அவர்கள் பக்கம் இரண்டு வைத்தார்கள். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. போர்டு இருந்த இடத்தில் ஒரு சுவர் எழும்பிவிட்டது போல ஆகிவிட்டது.

காய்கறி லாரிக்கு மட்டும் அனுமதி. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கத்தரிக்காயும் முருங்கையும் சின்ன வெங்காயமும் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போயின. லாரி வந்தால் தடுப்பை நகர்த்துவோம். டிரைவருக்குக் காய்ச்சல் பார்த்து விடுவோம். மறுபடி மூடுவோம். கத்தரிக்காய் போகலாம், மனுஷர் போகக் கூடாது.

ஒரு பிள்ளை தள்ளினால் விழுந்துவிடும் அந்தத் தடுப்பு. அதைப் பார்த்துப் பதினாறு சக்கர லாரி மூச்சு வாங்கி நிற்கும். கல்யாணப் பெண்ணோடு வந்த கார் திரும்பிப் போகும். எனக்கு அப்போதுதான், இத்தனை வருஷம் அதற்குச் சம்பளம் வாங்கிய எனக்கே, அரசாங்கம் என்பதன் கனம் முதல்தடவையாக உறைத்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்று, ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றால் மலைக்கு அந்தப் பக்கம் வரை எல்லாம் நின்றுபோகிறது.

மேகம் மட்டும் நிற்கவில்லை. ஆரியங்காவுப் பக்கமிருந்து புகை மாதிரி வரும். தடுப்பை நனைத்துவிட்டு எங்கள் பக்கம் இறங்கிக் குற்றாலத்துக்குப் போகும்.

அந்த வாரத்தில்தான் ஐந்தருவிக்குப் பாதுகாப்புப் பணிக்காக ஒரு நாள் அனுப்பினார்கள். குளிக்க யாருக்கும் அனுமதியில்லை, ஆகவே பாதுகாக்கவும் யாரும் இல்லை. கடைகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. எண்ணெய் வாசம் இல்லை, பஜ்ஜி வாசம் இல்லை. ஐந்து கிளையாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சுரண்டையில் பிறந்து, பால் பல் விழும் முன்பிருந்து அந்த அருவியில் குளித்தவள் நான். அது நமக்காக விழவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் கழற்றினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அதே கிணறு

ஏட்டு சுடலைமுத்துவுக்குச் செங்கோட்டைதான் சொந்த ஊர். தடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கையில் அவர் அடிக்கடி சொல்லுவார்:

"எங்க அப்பா திருவிதாங்கூர்க்காரரும்மா. அந்தக் காலத்துல செங்கோட்டையே அவுக சீமைதான. திடீர்னு ஒரு நா, இனிமே நீங்க மெட்ராஸ்னு சொல்லிட்டாவ. எங்க அப்பா சாயங்காலம் எந்தக் கிணத்துல குளிச்சாரோ, மறுநா காலையிலயும் அதே கிணத்துலதான் குளிச்சாரு. தண்ணிக்குத் தெரியலை. அவருக்கும் ஒண்ணும் தெரியலைன்னாரு."

"வருத்தப்பட்டாரா?"

"சந்தோசந்தான். தமிழ் பேசுத ஊரு தமிழ் நாட்டோட சேந்துட்டுன்னு மிட்டாய் குடுத்தாவளாம். ஆனா அத்தை ஒருத்தி புனலூர்ல வாக்கப்பட்டிருந்தா. அவளைப் பாக்கப் போறப்பல்லாம், என்னலே வெளிமாநிலத்துக்காரான்னு கேலி பண்ணுவாளாம்."

ராஜாவின் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்றும் செங்கோட்டை ரோட்டில் நிற்கிறது. அதன் அடியில் நம் பஸ்கள் போய்வருகின்றன.

என் அப்பா ராணுவத்தில் இருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் போலீஸ், இல்லையென்றால் பட்டாளம். அப்பா பனிமலையில் எல்லைக் காவல் நின்றவர். லீவில் வந்தபோது, எல்லை எப்படி இருக்கும் என்று கேட்டேன். சுவர், வேலி, ஏதாவது ஒன்றைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒண்ணும் இருக்காதுட்டி. வெறும் பனி. இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லுக்கு ஒரு கோடு இருக்குன்னு நாங்க நெனைச்சுக்கிடுவோம். அவனும் நெனைச்சுக்கிடுவான். ரெண்டு பேரும் நெனைக்கிற வரைக்கும் அது இருக்கும்," என்றார்.

அவர் குரலில் கேலி இல்லை. அந்தக் கோட்டுக்காக அவர் இரண்டு கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்திருந்தார்.

ஒரே அடுப்பில் உண்டவர்கள்

கோட்டைவாசலுக்குத் திரும்பி வருகிறேன்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அந்த அம்மாவிடம் பேசினேன். பெயர் பார்வதி. குளத்துப்புழைப் பக்கம் அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"உங்க அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்றேன். "காரியம் பண்ண ஆள் இருக்கில்ல?"

"மகன் இருக்கான்ம்மா. முருகேசன். காய்கறி டெம்போ ஓட்டுறான். எல்லாம் அவன் பாத்துக்குவான்." கையிலிருந்த பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "கோடி நான்தானம்மா போடணும்."

நம் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அது மேலே விழாமல் அவளைத் தூக்கக் கூடாது. என்ன சண்டை இருந்தாலும் அண்ணன் தம்பிகள் கோடியோடு வந்து நிற்பார்கள்.

"அண்ணன் தம்பி யாரும் வரலையா?"

பார்வதி சொன்னதை அவர் சொன்னபடியே எழுத முடிந்தால் நன்றாயிருக்கும். இலங்கை மலையகத் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அது.

அவர்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த குடும்பம். தாத்தா காலத்தில் போனவர்கள். அப்பா, அம்மா, அண்ணன் ராமையா, அக்கா கமலம், கடைக்குட்டி பார்வதி. தோட்டக் கூலிகளுக்கான லயத்து வரிசையில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்போது இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். வயது வந்தவர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றோருக்கும் பெண்களுக்கும் இந்தியா என்று வந்தது. அண்ணனுக்கு இலங்கை என்று வந்தது.

"ஒரு சட்டி சோத்தத் தின்னவங்கம்மா. நாலு பேரு இந்தியாக்காரங்க, ஒருத்தன் சிலோன்காரன்னு ஆயிட்டோம். தலைமன்னார்ல கப்பல் ஏறுனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அண்ணன் கரையில நின்னுச்சு. அடுத்த கப்பல்ல வருதுன்னு அம்மா சொல்லிச்சு. நானும் நம்பிட்டேன்."

ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் தங்கி, கடைசியில் கேரளத்து ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்து அனுப்பினார்கள். தேயிலை கிள்ளிய கை பால் வெட்டப் பழகியது. தோட்டத்துக்குக் கொத்து வேலைக்கு வந்த செங்கோட்டைக்காரர் கமலத்தைக் கட்டிக்கொண்டு போனார். பெற்றோர் அங்கேயே இறந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைக்கப்பட்டார்கள்.

"அக்காவுக்குப் பொறந்த வீடுன்னா, இந்த நாட்டுல நான் ஒருத்திதான்ம்மா," என்றார்.

கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றிருந்தார். நடுவில் நாலு இரும்புத் தடுப்புகள். சிறுமியாக இருந்தபோது கடலைத் தாண்டு என்று இரண்டு அரசாங்கங்கள் சொல்லின, தாண்டினார். இன்றைக்கு ஒரு ரோட்டைத் தாண்டாதே என்று இரண்டு அரசாங்கங்கள் சொல்கின்றன, தாண்டாமல் நிற்கிறார்.

"அப்பம் அம்மையைக் கொண்டாரேன்"

முருகேசன் டெம்போவில் வந்து சேர்ந்தான். முப்பது வயதிருக்கும். தலை வாரவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காய்கறி டிரைவர் என்பதால் அவனுக்குப் பாஸ் உண்டு. எல்லை தாண்டக்கூடிய ஆள்.

"மேடம், நான் அந்தப் பக்கம் போயி சித்தியை வண்டியில ஏத்தியாந்துருதேன். ஒரு மணி நேரம். முடிஞ்சதும் திரும்பக் கொண்டு விட்டுருதேன்."

"முடியாதுப்பா."

"அம்மைக்கு நெஞ்சு வலி, மேடம். காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

"அம்மாவால தடை இல்லப்பா. சித்தி இந்தப் பக்கம் வந்தா ரெண்டு வாரம் முகாம்ல வைக்கணும். திரும்பிப் போனா அங்க ரெண்டு வாரம். உன் வண்டியையும் நிறுத்திருவாங்க. நான் விட்டாலும் கீழ புளியறையில விடமாட்டாங்க."

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தான். சித்தி அவனைப் பார்த்தார். சாரல் வலுத்தது.

பிறகு திரும்பிச் சொன்னான்:

"சித்தியை அம்மைட்ட விடமாட்டியன்னா, அப்பம் அம்மையை சித்திட்ட கொண்டாரேன். செங்கோட்டை, புளியறை, இந்த எடம், எல்லாம் நம்ம மாவட்டந்தானே? அதுக்குத் தடை இல்லல்லா?"

சுடலைமுத்து என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு, "எல்லையை யாரும் தாண்டக் கூடாது. உத்தரவு அவ்வளவுதான்ம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை நான் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினார் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தப் பக்கம் பொறுப்பில் இருந்தவர் சாஜன் என்ற இளம் எஸ்.ஐ. வாரக்கணக்காக முகம் பார்த்த பழக்கம். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், எல்லைக்கோடு சரியா எவிடயா?" என்று கேட்டார்.

இருவரும் ரோட்டைக் குனிந்து பார்த்தோம். போர்டுகள் ஓரத்தில் இருந்தன. ரோட்டில் தார் மட்டும்தான் இருந்தது.

"தெரியலை சார். இந்தத் தடுப்புதான் கோடு."

"அப்போ," என்று, கையால் இழுத்துக் காட்டியபடி மெதுவாகச் சொன்னார், "ஞான் என்றெ தடுப்பைக் கொஞ்சம் பின்னாலே வலிக்காம். மேடமும் கொஞ்சம் பின்னாலே வலிக்கு. நடுவிலே வர்ற எடம் எனக்கும் வேண்டா, மேடத்துக்கும் வேண்டா."

யாருக்கும் சொந்தமில்லாத ரோடு

மதியத்துக்குள் அமரர் ஊர்தி மேலே ஏறி வந்தது. பின்னால் ஒரு வேனில் கமலத்தின் கணவரும் சொந்தக்காரர்கள் சிலரும், எல்லாரும் முகக்கவசத்தோடு.

நாங்கள் எங்கள் தடுப்புகளைப் பின்னால் இழுத்தோம். அவர்கள் அவர்களுடையதை இழுத்தார்கள். இரும்பு தாரில் உரசும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு சின்ன முற்றம் அளவுக்கு ரோடு வெளிப்பட்டது. வாரக்கணக்காகத் தடுப்பு நின்ற இடங்களில் மட்டும் துருக்கறை.

முருகேசனும் இன்னொருவரும் கமலத்தை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இறக்கிவிட்டு எங்கள் தடுப்பு வரை பின்வாங்கி நின்றார்கள். சாஜன் பார்வதிக்குக் கையுறை கொடுத்தார். பார்வதி தம் பக்கத்துத் தடுப்பின் இடைவெளி வழியாக உள்ளே வந்தார்.

அப்போது முருகேசன் போனைத் தூக்கிப் பிடித்தான். "மாமா, தெரியுதா? அம்மை தெரியுதாளா?"

இலங்கையின் நுவரெலியாவிலிருந்து வீடியோ அழைப்பில் ராமையா. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கரையில் நின்ற அண்ணன். திரையில் ஒரு நரைத்த தலை தெரிந்தது, பிறகு படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. "பார்வதி, நனைஞ்சிராம போடு. தலைப்பு கால் பக்கம் வந்திரக் கூடாது. பாத்துப் போடு."

பார்வதி பையிலிருந்து சேலையை எடுத்தார். பச்சையில் அரக்குக் கரை. "அண்ணே, ரெண்டு பேரும் போடுறோம்ணே. நீயும் பிடிச்சுக்க," என்றார். ஒரு தலைப்பைத் தம் கையில் வைத்துக்கொண்டு மறு தலைப்பை, போன் இருந்த பக்கம், காற்றில் நீட்டினார். முருகேசன் ஓடிவந்து போனை அந்தத் தலைப்போடு சேர்த்துப் பிடித்தான். சேலை விரிந்து இறங்கியது.

அதன் பிறகுதான் அவர் அழுதார். அக்கா முகத்தோடு முகம் வைக்கவில்லை, நாங்கள் சொல்லியிருந்தோம். பாதங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, கப்பலில் கமலம் தன்னை மடியில் படுக்க வைத்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி அழுதார். போனில் ஒரு ஆண் குரலும் சேர்ந்து அழுதது.

தலை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கம் வளைவு வரை லாரிகள் நின்றிருந்தன. அந்தப் பக்கமும் அப்படியே. யார் சொன்னது என்று தெரியாது, ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அணைந்தன. டிரைவர்கள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார்கள். தமிழர், மலையாளி, தூரத்து ஊர்களிலிருந்து வந்த ஹிந்திக்காரர்கள். அத்தனை வண்டிக் கூட்டத்தில் ஒரு ஹாரன் சத்தம் கிடையாது.

சாஜன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன். பெரிய தலைவர்களுக்கு எல்லாம் அடித்திருக்கிறேன். யாருக்கு அடிக்கிறோம் என்று தெரிந்து அடித்தது அன்றைக்குத்தான்.

மூன்று அரசாங்கங்கள் அந்தக் குடும்பத்தைப் பங்கு போட்டிருந்தன. எந்த அரசாங்கமும் அன்று தவறு செய்யவில்லை, எல்லாருக்கும் காரணம் இருந்தது. இருந்தும் அந்தக் கொஞ்ச நேரம், எவருடைய கொடியும் பறக்காத அந்த ரோட்டுத் துண்டில், அவர்கள் மூவரும் ஒரு வீடாக இருந்தார்கள். கண்ணால் பார்த்திராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு

கமலத்தைச் செங்கோட்டையில் அடக்கம் செய்தார்கள். பார்வதிக்கு அங்கே ஆரியங்காவில் பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சாஜன் சொன்னார். என்னை யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எல்லையை யாரும் தாண்டவில்லை என்று உண்மையையே சொல்லியிருப்பேன்.

ரொம்ப காலம் கழித்து இரு மாநிலத்துக்கும் பஸ் விட்டார்கள். முதல் வாரங்களில் புளியறையில் எங்களைத் தடுப்பூசிச் சான்று பார்க்க நிறுத்தியிருந்தார்கள். புனலூரிலிருந்து வந்த பஸ் ஒன்றில் ஏறினேன். ஜன்னலோரத்தில் பார்வதி. பக்கவாட்டில் சாய்ந்து நல்ல தூக்கம். பக்கத்து சீட்டுப் பெண்ணின் தோளில் பாதி பாரம் இருந்தது, அந்தப் பெண்ணும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏ ஆச்சி, எந்திரிங்க, செக்கிங்," என்று கண்டக்டர் எழுப்பப் போனார்.

"வேண்டாம்," என்றேன். "இவங்களை எனக்குத் தெரியும்."

கோட்டைவாசலை எப்போது தாண்டினோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் இறங்கி விசில் கொடுத்தேன். பஸ் செங்கோட்டைக்குப் போனது.